எட்டாம் மாதத்துக் கப்பல்

நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு தடவை. என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், சாம்பலைக் கரைக்க ராமேசுவரம் போனபோது. முழங்கால் தண்ணீரில் நின்றேன், தலையில் மூன்று கை அள்ளி ஊற்றிக்கொண்டேன், பஸ் ஏறிவிட்டேன். அவ்வளவுதான் எனக்கும் கடலுக்கும் பழக்கம். அப்படிப்பட்டவள் இன்றைக்கு லட்சத்தீவில் ஆள் குடியிருக்கிற பத்துத் தீவையும், எது வடக்கு எது தெற்கு, எங்கே பாறை எங்கே வாசல் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். படித்துத் தெரிந்துகொண்டதில்லை. என் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஒரு தப்புச் செய்தேன், அதற்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

நாங்கள் காரமடைப் பக்கம் கிணறு வெட்டினவர்கள். அவர் கீழே இறங்கி வெட்டுவார், நான் மேலே நின்று கல் வாங்குவேன். அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் எங்கள் கை படாத கிணறு குறைவு. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. அவர் போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வந்தேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தள்ளுவண்டி போட்டேன். கொய்யா, வேகவைத்த கடலை. யார் வாசலிலும் போய் நிற்காமல் மகளைப் பன்னிரண்டு வரைக்கும் படிக்கவைத்து, மோட்டார் பம்பு ஃபிட்டர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தேன்.

பம்பு வேலைக்குக் கோயம்புத்தூரில் பஞ்சமா? ஆனாலும் மாப்பிள்ளையை அவருடைய கம்பெனி லட்சத்தீவுக்கு அனுப்பியது. கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற இடமாம், அங்கே பம்பு பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமாம். கில்தான் என்ற தீவு. மகளும் கூடவே போய்விட்டாள். கொச்சியில் கப்பல் ஏறிப் போய்ச் சேர்ந்து இரண்டாம் நாள் போன் செய்தாள். நான் கேட்ட முதல் கேள்வி தண்ணீரைப் பற்றித்தான்.

"ஊட்டுல கெணறு இருக்குதா கண்ணு?"

"ஊட்டுக்கு ஊடு இருக்குதும்மா."

"எத்தன ஆழம்?"

"ஆறடி, ஏழடி இருக்கும்."

"அது கெணறு இல்ல சாமி, குழி. உங்கப்பன் இருந்திருந்தா அதுல காலைக்கூட வெச்சிருக்கமாட்டாரு. ஆழம் பண்ணச் சொல்லு. ஊத்து அடியிலதான் இருக்கும்."

"ஆழம் பண்ணுனா உப்பு வந்துருமாம்மா. நல்ல தண்ணி மேலாப்புல மட்டும் நிக்குதாம், எண்ணெயாட்டம். அடியில பூராம் கடலு. எச்சா எறச்சாலும் உப்பாயிருமாம். உம்மாதான் சொன்னாங்க."

உம்மா என்பது அவர்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி. அங்கே அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

"அந்தம்மா எத்தன கெணறு வெட்டியிருக்குது?" என்று கேட்டேன்.

மகள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தண்ணீரைப் பற்றி எனக்கு ஒருத்தி சொல்லித்தருவதா என்றிருந்தது. அதோடு, என் மகள் இன்னொருத்தியை அம்மா என்று கூப்பிடுகிறாளே என்பதும் ஒரு ஓரத்தில் உறுத்தியது.

அடுத்த வருஷம் அவள் உண்டானாள். எங்களில் தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். அதில் பேச்சே கிடையாது. பழைய பருத்திச் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்தேன். விளக்கெண்ணெய் வாங்கி வைத்தேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற மருந்துச் சாமான்களைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி டப்பாவில் போட்டேன். ஏழாம் மாதத்தில் வரச் சொன்னேன். அந்த மாதம் கப்பலில் இடம் கிடைக்கவில்லை. எட்டாம் மாதம், சித்திரையில், இடம் கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளை போன் செய்தார்.

"புதங்கெழம கப்பலுங்கத்தை. நானே கொண்டாந்து உட்டுட்டுத் திரும்பிருவனுங்க."

"எட்டுலயா? எட்டாம் மாசம் புள்ளத்தாச்சிய ஊடு மாத்தக்கூடாதுங்க மாப்பிள்ளை. ஒம்பது பொறந்ததும் கூட்டிட்டு வாங்க."

"ஒம்பதுல மழக் காத்து வந்துருமுங்கத்தை. அப்பறம் கப்பல் எப்பிடி என்னன்னு..."

"வந்தா வரட்டுமுங்க. இந்த வாரம் உட்டா அடுத்த வாரம். கப்பலுன்னு ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான இருக்கும்."

மகள் போனை வாங்கினாள். "அம்மா, இங்க கடலு இப்ப அசையவே இல்ல. இப்பவே வந்தர்றனே."

"நாஞ்சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும் கண்ணு. எட்டுல அடியெடுத்து வெக்கக்கூடாது. எம் மாமியா சொன்னத நாங் கேட்டேன். நாஞ் சொல்றத நீ கேளு."

"சரிம்மா" என்றாள். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், ஒரு தடவை கேட்பாள், இரண்டாவது தடவை கேட்கமாட்டாள். அந்த டிக்கெட்டை வேறு யாருக்கோ விட்டுக்கொடுத்தார்கள். புதன்கிழமை கப்பல் வந்து, குளத்துத் தண்ணீர்போலக் கிடந்த கடலில் ஆட்டமே இல்லாமல் திரும்பிப் போனதாம். அதை அவள் என்னிடம் அன்றைக்குச் சொல்லவில்லை.

நான் எங்கே உட்கார்ந்துகொண்டு இதைச் சொன்னேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். உக்கடம் பஸ் ஸ்டாண்டில் பொள்ளாச்சி பஸ் ஒன்று நகர்ந்தால் அந்த இடத்தில் அடுத்த பொள்ளாச்சி பஸ் வந்து நிற்கும். "போனாப் போகுது, பின்னாலயே வண்டி வருதுங்க" என்று கண்டக்டர்கள் சொல்வதைக் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கொண்டு இருக்கிறவள் நான். வால்பாறைக்குக்கூட, அத்தனை மலை வளைவையும் ஏறி, மழையிலும் பனியிலும் பஸ் போய்க்கொண்டுதான் இருக்கிறது. ஒரு ஊருக்கு வழி இருந்தால் அது எப்போதும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒன்பது பிறந்தது. வைகாசிக் காற்றும் பிறந்தது.

கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அந்தக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து ஜில்லென்று வரும். சித்திரை வெயிலில் வெந்து கிடந்த உடம்புக்கு அது வந்தால்தான் உயிர் வரும். ஒவ்வொரு வருஷமும் அதற்காகவே வண்டியை மேற்குப் பார்த்துத் திருப்பிப் போடுவேன். அந்த வருஷமும் திருப்பினேன். மூன்று நாள் கழித்து மகள் போனில், "காத்து பயங்கரமா இருக்குதும்மா, தென்ன மரமெல்லாம் கெழக்க சாஞ்சுக்கிட்டு நிக்குது" என்றாள். குரல் விட்டு விட்டு வந்தது. அப்புறம் அறுந்துபோனது.

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என் முகத்தில் அடிக்கிற இந்தக் காற்று அவளைத் தாண்டித்தான் வருகிறது. அவளுக்கு அலை, எனக்குக் குளிர்ச்சி. வண்டியைக் கிழக்கே திருப்பிப் போட்டேன். அதற்குப் பிறகு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. கடலையை அளந்து கொட்டுவேன், எழுந்து நிற்பேன், பஸ் நுழைகிற வழி வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன். "என்னங்கம்மா, யாராச்சும் வர்றாங்களா?" என்று பக்கத்துப் பழ வண்டிக்காரர் கேட்டார். வருகிறார்கள் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

மார்க்கெட்டில் ஒரு பாய் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். மரக்கட்டை மாதிரி காய்ந்த மாசிக் கருவாடு அவர் கடையில்தான் நன்றாக இருக்கும். அது அந்தத் தீவுகளிலிருந்து வருகிற சரக்கு. வாலிபத்தில் சரக்கு ஏற்ற அவரே பேப்பூர்த் துறைமுகத்திலிருந்து அங்கே போய்வந்ததாக ஒருமுறை சொல்லியிருக்கிறார். அவரிடம் போய் நின்றேன்.

"ஏனுங்க பாய், கில்தானு தெரியுமுங்களா?"

"என்னத்துக்குங்கம்மா, மாசி வேவாரத்துல எறங்கறீங்களா?"

"எம்புள்ள அங்க இருக்குது. ஒம்பது மாசம்."

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. முக்காலியை எடுத்துப் போட்டார். கருவாடு வெட்டுகிற பலகையைத் துடைத்துவிட்டு, ஒரு கை மாசிச் சில்லை அள்ளினார்.

"இந்தப் பலகதான் கடலு. இக்கட்டால, கெழக்க, இந்த உப்புப் பொட்டணம் கொச்சி. மொதல்ல வர்றது ஆந்த்ரோத்து." ஒரு சில்லை வைத்தார். "மத்த தீவெல்லாம் அனேகமா தெக்கு வடக்கா நீட்டிப் படுத்திருக்கும், இது மட்டும் கெழக்கு மேக்கா. ஒரே பாயில நாலு பேரு படுத்தா ஒருத்தன் குறுக்கால படுப்பானுங்களே, அதாட்டம். அதுக்குத் தெக்கால கல்பேனி. நடுவுல கவரத்தி, கச்சேரி ஆப்பீசெல்லாம் அங்கதான். மேக்கால அகத்தி, பிளேன் எறங்கற எடம். வடக்க அமினியும் கடமத்தும், அண்ணந் தம்பியாட்டம் பக்கத்துல பக்கத்துல. அதுக்கு வடகெழக்கால, இதா, உங்க புள்ள. அதுக்கும் மேல சேத்லாத்து. மேக்கால தனியாக் கெடக்குற பொடி பித்ரா."

"ஒம்பதுதான் ஆச்சு. பத்துன்னாங்களே?"

"மினிக்காய் இந்தப் பலகைக்குள்ள வராதுங்கம்மா. அது தெக்க, அந்த எண்ணெ டின்னுகிட்ட இருக்குது."

டின்னைத் திரும்பிப் பார்த்தேன். சிரிப்பு வந்திருக்க வேண்டும், வரவில்லை.

"கப்பலு எல்லாத்துலயும் நின்னு நின்னு வருமுங்களா? மதுக்கரை, வாளையாறுன்னு பஸ்ஸு நிக்கறாப்புல?"

"வரிச கெடையாதுங்க. ஒருக்கா இந்தப் பக்கம் சுத்தும், ஒருக்கா அந்தப் பக்கம். அதுவுமில்லாம, நிக்கறதுன்னா கரையோரம் வந்து நிக்காது. தீவுக்கு மேக்கால தண்ணி நம்ம பெரியகுளமாட்டம் தேங்கி நிக்கும், பச்சையா. அதச் சுத்தி பவளப் பாற, வரப்புக் கட்டுனாப்புல. பெரிய கப்பலு அந்த வரப்பத் தாண்டாது. வெளிய கடலுலயே நிக்கும். சின்னப் படகுல போயி, அலை தூக்கற நேரம் பாத்து, கயித்தப் புடிச்சுக் கப்பலுக்குள்ள தாவோணும். மழக்காலத்துல மேக்கால அலை அடிக்கும், அந்த வாசலே அடைச்சுக்கும். கெழக்கால பாப்பாங்க, முடிஞ்சா ஏத்துவாங்க, இல்லாட்டி அடுத்த தீவுக்குப் போயிருவாங்க."

"ஒம்பது மாசத்துக்காரியத் தாவ உடுவாங்களா?"

அவர் சில்லுகளைப் பொறுக்கினார். அப்புறம், "பிளேனு பிடிக்கறதுன்னாலும் அகத்திக்குக் கடல்லதான போகோணும். சித்திரையில கடலு கண்ணாடியாட்டம் இருந்திருக்குமே. அப்பவே வந்திருக்கலாமே புள்ள?" என்றார்.

"நாந்தான் எட்டுல வேண்டாம்னுபோட்டேன்."

"பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்துக்கிட்டுக் கடல அளந்துபோட்டீங்கம்மா" என்றார்.

அவர் கேலியாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. எழுந்து வந்துவிட்டேன். அதற்கப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை. வேறு கடையில் கருவாடும் வாங்கவில்லை.

வீட்டில் அடுப்புக்குப் பக்கத்துத் தரையில் பத்துப் புளியங்கொட்டைகளை, பாய் சில்லுகளை வைத்தபடியே வைத்தேன். மினிக்காய்க் கொட்டை தண்ணீர்க் குடத்துக்கு அடியில் போனது. கில்தான் கொட்டையை மட்டும் எத்தனை தடவை எடுத்து எடுத்து வைத்திருப்பேன் என்று தெரியாது. ஒரு சாண்தான். கில்தானிலிருந்து ஒரு சாண் கொச்சி, அங்கிருந்து உக்கடம் இன்னும் அரைச் சாண். கையால் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம் போலிருந்தது.

வைகாசிக் கடைசியில் ஒரு கப்பல் வந்தது. மகள் பையை எடுத்துக்கொண்டு கிழக்குக் கரைக்குப் போய் நின்றாளாம். கப்பல் தெரிந்ததாம். கையை ஆட்டினால் மேலே இருக்கிறவர்களுக்குத் தெரியும் தூரம்தானாம். சின்னப் படகு இரண்டு தடவை கிளம்பி இரண்டு தடவை திரும்பியிருக்கிறது. படகுக்காரர் இவள் வயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிவிட்டார். கப்பல் ஊதிவிட்டு சேத்லாத்துப் பக்கம் போய்விட்டது. இதை அவள் சொல்லும்போது அழவில்லை. "பரவால்லம்மா, இங்கயே ஆசுபத்திரி இருக்குது, நர்சக்கா நல்லாப் பாக்கறாங்க" என்றாள். "ஆபத்துன்னா ஹெலிகாப்டர் வருமாம், எனக்கு அதெல்லாம் வேண்டியதில்லன்னு டாக்டர் சொல்லிட்டாங்க" என்றாள். எனக்குத் தைரியம் சொல்லுகிறாள். அவளைத் தடுத்தவளுக்கு அவளே தைரியம் சொல்லுகிறாள்.

மறுநாள் காலை துணியையும் மருந்து டப்பாவையும் பையில் போட்டேன். பாலக்காடு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். அந்தக் கண்டக்டர் என்னிடம் கடலை வாங்குகிறவர்.

"எங்கீங்கம்மா, ஒறம்பரை ஊட்டுக்கா?"

"கொச்சிக்கு. அங்கிருந்து கப்பலு."

"கப்பலுக்குப் பர்மிட்டு வேணுமுங்களே. வெச்சிருக்கறீங்களா?"

என்னிடம் ரேஷன் கார்டுதான் இருந்தது. மாப்பிள்ளை நாலு நாள் முன்னாடியே சொன்னதுதான், பர்மிட்டு இல்லாமல் கப்பலில் விடமாட்டார்கள் என்று. தெரிந்துதான் ஏறினேன். சும்மா இருக்க முடியாமல் ஏறினேன். மதுக்கரை தாண்டியதும் போனை எடுத்துப் பார்த்தேன், கோடு ஒன்றுகூட இல்லை. இந்த நேரத்தில் அவள் கூப்பிட்டால்? வாளையாறில் இறங்கி, எதிர்ப்பக்கம் நின்று, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். ஐந்து நிமிஷத்தில் பஸ் வந்துவிட்டது. அப்படி வந்ததே எனக்குக் கோபமாக இருந்தது.

ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், கொய்யாவுக்கு உப்புத் தூள் தடவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மாப்பிள்ளை, "பொண்ணுங்கத்தை. ரெண்டு பேரும் நல்லாருக்கறாங்க" என்றார். போன் கை மாறியது. ஒரு பெண் குரல். அந்த உம்மா. மலையாளம் மாதிரி இருந்தது, அதைவிட வேகமாக இருந்தது. பாதி புரியவில்லை. "பேடிக்கண்டா, ஞானுண்டு" என்றது மட்டும் புரிந்தது. பயப்படாதே, நான் இருக்கிறேன். பின்னால் குழந்தை அழுதது.

"நல்ல தண்ணியில குளிப்பாட்டுங்கம்மா" என்றேன். அவருக்குப் புரிந்ததோ என்னமோ. மகள் பிற்பாடு சொன்னாள், அந்த ஆறடிக் கிணற்றில் மேலாகத் தண்ணீரைக் கலக்காமல் மொண்டு, கொதிக்கவைத்து, உம்மாதான் பத்து நாளும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஊற்றினாராம். நான் குழி என்று சொன்ன கிணறு.

சந்தோஷம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் மடித்த சேலைத் துணிகள் பெட்டியிலேயே இருந்தன. அன்று சாயங்காலம் பாய் கடைக்குப் போனேன். இத்தனை நாளாக ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை. "பேத்தி பொறந்திருக்குது" என்றேன். ஒரு பெரிய மாசித் துண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தார். "பாலு நல்லா ஊறும், புள்ளைக்கி வெச்சுக் குடுங்க" என்றவர், பிறகு தலையைச் சொறிந்துகொண்டார். அது அங்கிருந்துதானே வந்தது. இரண்டு பேருக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது.

புரட்டாசியில் கடல் அடங்கியது. ஐப்பசிப் பிறப்பில் அவர்கள் வந்தார்கள். பாலக்காடு பஸ்ஸிலிருந்து மகள் இறங்கி, நான் கேட்கும் முன்னாலேயே குழந்தையை என் கையில் கொடுத்தாள். நாலு மாதம் ஆகப்போகிற பிள்ளை, கழுத்து நின்றிருந்தது. தலை நிற்காத பிள்ளையை நான் தூக்கவே இல்லை. மகளிடம், "எம்மேல கோவமா கண்ணு?" என்று ஒரு நாள் கேட்டேன். துணி மடித்துக்கொண்டே, "அன்னைக்குக் கரையில நின்னப்போ இருந்துச்சும்மா" என்றாள். அவ்வளவுதான். இல்லை என்று பொய் சொல்லவில்லை, அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

தை மாதம் பிறந்ததும், முன்பே தீவுக்குத் திரும்பிவிட்ட மாப்பிள்ளையிடமிருந்து போன் வந்தது. இடம் கிடைத்திருக்கிறது, நாளை மறுநாள் கொச்சியில் கப்பல், அதை விட்டால் எப்போது கிடைக்கும் என்று தெரியாது. மகள் போனை வைத்துவிட்டுச் சுவரில் தொங்குகிற தேதிக் காலண்டரைப் பார்த்தாள். அடுத்த தாளைத் தூக்கிப் பார்த்தாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், ஆனால் கிளம்ப வேண்டிய நாளுக்குக் கீழே கறுப்பில் போட்டிருந்த அந்த ஒரு வார்த்தை எனக்கு நன்றாகத் தெரியும். கரிநாள். எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு விளக்குமாறுகூடப் புதிதாக வாங்கமாட்டோம். பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கடல் ஏறுவதா?

அவள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு தடவை கேட்கிறவள், இந்தத் தடவை அதையும் கேட்கவில்லை.

வேண்டாம் என்ற சொல் வாய் வரைக்கும் வந்தது. தரையில் அந்தக் கொட்டைகள் இன்னும் இருந்தன, குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும் என்று மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தேன்.

"துணியெல்லாம் காஞ்சுதான்னு பாரு" என்றேன். "கப்பலு வந்தா போயிரோணும்."

உக்கடத்தில் பாலக்காடு பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். மடித்து வைத்திருந்த சேலைத் துணிகளைப் பையில் திணித்தேன். "உம்மாவுக்குக் கொய்யா வெச்சிருக்கறேன், நசுக்கிப்போடாத" என்றேன். பஸ் நகர்ந்தது. பின்னாலேயே அடுத்த பஸ் வந்து அதே இடத்தில் நின்றது.

மறுநாள் மதியம் வரைக்கும் நான் கொய்யாவைத் துடைத்துத் துடைத்து அடுக்கினேன், அடுக்கினதைக் கலைத்து மறுபடி அடுக்கினேன். ஆந்த்ரோத்துப் பக்கம் முதலில் போகுமோ, கல்பேனியைச் சுற்றுமோ. போன் வந்தது.

"கப்பல் ஏறிட்டோம்மா. கடலு அசையவே இல்ல."

"சரி சாமி" என்றேன். வைத்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. வண்டியை மேற்குப் பார்த்துத் திருப்பிப் போட்டு, காற்று வருகிறதா என்று நின்று பார்த்தேன். தை மாதம், அந்தப் பக்கமிருந்து காற்று வராது. தெரியும். இருந்தாலும் நின்றேன்.